இருப்புப் பணம் யாருடைய அமானிதம்?



மதுரைக்குக் கிழக்கே, கண்மாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து சில காலத்துக்கு முன் நம்மை அழைத்திருந்தார்கள். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு சிறிய மத்ரஸாவும் அதை நடத்த ஒரு சிறிய அறக்கட்டளையும் உண்டு. ஒரு பெரியவர் தமது நஞ்சையில் ஒரு துண்டையும் கடைத்தெருவில் ஒரு கடையையும் வக்பு செய்ததிலிருந்து தொடங்கிய காரியம் அது. பின்னர் வீட்டுக்கு வீடு பிடியரிசி, ஜும்ஆ உண்டியல், ரமலானில் ஜகாத், ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோல் என்று நம் ஊர்களில் எங்கும் வருகிற வருமானங்களெல்லாம் அதில் வந்து சேர்ந்தன. பொருளாளராக இருந்தவர் அந்தச் சுமையை இருபது ஆண்டுக்கு மேல் சுமந்தவர். ஐவேளைத் தொழுகையாளி. மதுரைக்குப் போய்வந்த பஸ் கட்டணத்தைக்கூட அறக்கட்டளைக் கணக்கில் எழுதாதவர். அவர் வபாத்தானார். பெட்டியைத் திறந்து நோட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். ஒரு காசு குறையவில்லை.

அப்படியானால் நம்மை ஏன் அழைத்தார்கள்?

மத்ரஸாவின் ஓட்டுக்கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை நெருங்கிவிட்டது. கையில் பணம் இருக்கிறது, கூரையை மாற்றலாமா என்பதே கேள்வி. நோட்டைப் புரட்டினோம். ஒவ்வொரு ஆண்டின் முடிவிலும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்த மீதியில் ஜகாத் எவ்வளவு, தோல் பணம் எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு, கட்டடத்துக்கென்று யாராவது கொடுத்தது எவ்வளவு என்ற விவரம் மட்டும் எங்கும் இல்லை. அது அந்த நல்ல மனிதரின் நெஞ்சுக்குள் இருந்திருக்கும். நெஞ்சோடு கப்ருக்குள் போய்விட்டது.

ஜகாத் பணத்தைக் கூரைக்குப் போட முடியாது. ஹனபி மத்ஹபில் ஜகாத் நிறைவேற வேண்டுமானால் அது ஒரு தகுதியுள்ள ஏழையின் கையில் அவருக்கே உரிமையாக்கிக் கொடுக்கப்பட வேண்டும். கூரை ஓர் ஆள் அல்ல. சுவரும் ஆள் அல்ல. குர்பானித் தோலை விற்ற பணமும் ஏழைகளுக்கே போய்ச் சேர வேண்டியது. ஆக, பெட்டி நிறையப் பணமும் தலைக்குமேல் ஒழுகும் கூரையுமாக அந்த ஜமாஅத் உட்கார்ந்திருந்தது.

அன்று பேச்சு முடிகிற நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தாய் கேட்டார்: “ஹஜ்ரத், நான் என் நகைக்கு வருஷா வருஷம் ஜகாத்து குடுத்தேனே, அது சேர்ந்துச்சா சேரலையா?”

அந்தக் கேள்வி நம்மை உலுக்கிவிட்டது. காரணம் இதுதான். ஜகாத்தை வாங்கி வைப்பவர் கொடுத்தவரின் வகீல், அதாவது பிரதிநிதி. அவர் கையிலிருந்து ஏழையின் கைக்கு மாறும் வரை, கொடுத்தவரின் கடமை நிறைவேறியதாகாது என்பதே பிக்ஹுக் கிதாபுகளின் பொதுவான சட்டம். மத்ரஸா நிர்வாகியை மாணவர்களுக்கும் வகீலாகக் கருதும் உலமாக்கள் உண்டு. அந்தக் கருத்தில் கொடுத்தவருக்கு ஓர் ஆறுதல் கிடைக்கும். ஆனால் எந்தக் கருத்தை எடுத்தாலும், ஏழை மாணவனின் சோற்றுக்கும் துணிக்கும் வந்த பணம் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் தூங்குவதற்கு அனுமதி கிடைக்காது. தாம் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்த அந்தத் தாய்க்குத் தம் கடமை இன்னும் பெட்டிக்குள் கிடக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது.

திருட்டும் இல்லை, மோசடியும் இல்லை. இருந்தும் இந்த நிலை. ஆகவே இன்று நாம் பேசப்போவது நேர்மையற்றவர்களைப் பற்றி அல்ல, நேர்மையானவர்களைப் பற்றித்தான்.

சேர்த்து வைப்பது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா? இரண்டு ஹதீஸ்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் புகாரி ஷரீபில் உள்ளவை.

கைபரில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட உயர்ந்த சொத்து அதுவரை அவர்களுக்குக் கிடைத்ததில்லை. அதை என்ன செய்யலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். விரும்பினால் மூலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் பலனைத் தர்மம் செய்யலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுக்குப் போகாது என்று உமர் (ரலி) நிபந்தனை வைத்தார்கள். ஏழைகள், உறவினர், அடிமை விடுதலை, அல்லாஹ்வின் பாதை, வழிப்போக்கர், விருந்தாளி என்று பலன் போய்ச் சேரும் இடங்களையும் பெயர் சொல்லிக் குறித்தார்கள். நிர்வகிப்பவர் முறையோடு அதிலிருந்து உண்ணலாம், சொத்துச் சேர்க்கக் கூடாது என்றார்கள். அதோடு விடவில்லை, எழுதியும் வைத்தார்கள். அந்தப் பத்திரத்தின் வாசகம் அபூதாவூதில் இருக்கிறது. தமக்குப் பின் பொறுப்பாளராக அதில் அவர்கள் குறித்தது தம் மகளார், நம் அன்னை ஹப்ஸா (ரலி) அவர்களை. வக்புக் கணக்கு ஆண்களின் காரியம் என்று நினைக்கும் நம் வீட்டுப் பெண்கள் இதைக் கவனிக்கட்டும்.

இனி மற்ற ஹதீஸ். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் வழக்கத்துக்கு மாறாக வேகமாக எழுந்து, மக்களைத் தாண்டி, தம் துணைவியரில் ஒருவரின் வீட்டுக்குள் சென்றார்கள். ஸஹாபாக்கள் திடுக்கிட்டார்கள். திரும்பி வந்து, வீட்டில் கொஞ்சம் தங்கம் இருப்பது நினைவுக்கு வந்ததாகவும், அது தம்மைத் தடுத்து வைப்பதை விரும்பாமல் பங்கிடச் சொல்லிவிட்டு வந்ததாகவும் விளக்கினார்கள்.

ஓரிடத்தில் ஒரு நிலத்தைக் காலகாலத்துக்கும் நிறுத்தி வைக்கும் வழி. இன்னோரிடத்தில் ஒரு பொழுதுகூடத் தங்கத்தை வீட்டில் வைக்க மனம் ஒப்பாத அவசரம். முரண்பாடு என்று மேலோட்டமாகப் படிப்பவர் சொல்வார். நம் பக்கத்து விவசாயி சொல்லமாட்டார். விதைநெல்லும் நெல்தான், சோற்றுநெல்லும் நெல்தான். விதைநெல்லைக் குத்திச் சமைப்பவனையும் ஊர் சிரிக்கும். பிள்ளைகள் பசித்திருக்கச் சோற்றுநெல்லைக் குதிரில் பூட்டுபவனையும் ஊர் சிரிக்கும். எது எந்த நெல் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குதிருக்குள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் எந்தப் புத்திசாலியாலும் பிரிக்க முடியாது. அந்த ஊரின் நோட்டில் நடந்தது அதுதான்.

யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றைக் குர்ஆனில் ஓதுகிறோம். ஏழு ஆண்டு செழிப்பு, ஏழு ஆண்டு பஞ்சம். அறுத்ததைக் கதிரோடு விட்டு வையுங்கள், உண்பதற்குச் சிறிது மட்டும் எடுங்கள் என்று அவர்கள் யோசனை சொன்னார்கள். இதை எடுத்துக்கொண்டு, பணம் சேர்ப்பது நபிமார்களின் வழி என்று மேடையில் பேசிவிடுகிறோம். ஆனால் அந்தச் சேமிப்பு எப்படிப்பட்டது? இன்ன பஞ்சத்துக்காக என்று அதற்குக் காரணம் இருந்தது. இத்தனை ஆண்டு என்று தவணை இருந்தது. பஞ்சம் வந்ததும் களஞ்சியம் திறந்தது. பஞ்ச காலத்தைச் சொல்லும்போதும், பத்திரப்படுத்தும் சிறிதளவைத் தனியே ஒதுக்கிச் சொல்கிறது அந்த வசனம்; அது விதைக்கானது என்று முபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது யூஸுப் (அலை) தம்மிடம் இருப்பதாகச் சொன்ன தகுதிகளும் இரண்டு: பாதுகாப்பவன், அறிந்தவன். நம் ஜமாஅத்துகளில் பொருளாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் தகுதியை மட்டும் பார்க்கிறோம். அந்தப் பெரியவரிடம் முதலாவது குறைவின்றி இருந்தது. இரண்டாவதை நாம் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆலிம்களாகிய நாம்தான் குற்றவாளிகள்.

பிக்ஹின் பெரியவர்கள் இந்த இருப்பு விஷயத்தை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பலருக்கும் தெரியாது. வக்பின் வருமானத்திலிருந்து முதல் செலவு அதன் மராமத்துக்கே. வக்பு செய்தவர் அப்படிச் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் சரி என்கிறது ஹிதாயா. உஸ்தாதின் சம்பளத்தை நிறுத்திவிட்டு மாடத்துக்கு வர்ணம் பூசலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வக்பு நிலைத்திருக்கத் தேவையான மராமத்தைத்தான் அது சொல்கிறது.

எகிப்தின் இமாம் இப்னு நுஜைம் (வபாத் ஹிஜ்ரி 970) இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். மராமத்து முந்தியது, மிஞ்சுவது ஏழைகளுக்கு என்று வக்பு செய்தவர் நிபந்தனை எழுதியிருந்தால், இந்த ஆண்டு எந்த மராமத்தும் தேவைப்படாவிட்டாலும், அதற்கு வேண்டிய அளவை ஒவ்வோர் ஆண்டும் முத்தவல்லி நிறுத்தி வைத்தே ஆகவேண்டும். நாளை ஏதாவது நேர்ந்து, அப்போது வருமானம் இல்லாமல் போகலாம் அல்லவா? அப்படி நிபந்தனை எழுதப்படவில்லையானால் நிலைமை வேறு. அப்போது தேவை இல்லாத ஆண்டில் மிஞ்சுவதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். நாளைக்கென்று முத்தவல்லி தாமாகப் பூட்டி வைக்கும் உரிமை இல்லை. பிற்காலத்தில் ஷாமி ஆசிரியர் இப்னு ஆபிதீன் போன்றோர் கையாண்ட சட்டமும் இதுதான்.

பாருங்கள், எவ்வளவு கூர்மையான வேறுபாடு! பணம் ஒன்றுதான், பெட்டி ஒன்றுதான். ஒரு வரி எழுதியிருந்தால் நிறுத்தி வைப்பது கடமை. எழுதாவிட்டால் நிறுத்தி வைப்பது உரிமை மீறல். இருப்பை ஹலாலாக்குவது முத்தவல்லியின் நல்லெண்ணம் அல்ல, இருப்புக்கு வைக்கப்பட்ட பெயர்.

வியப்பு என்னவென்றால், நம் நாட்டு வரிச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அறக்கட்டளைகளுக்கு வகுத்த முறையில், வருமானத்தில் நூற்றுக்கு 85 பங்கு தர்ம காரியத்தில் செலவாக வேண்டும். 15 பங்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால் இன்ன காரியத்துக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் அதைச் செலவிட வேண்டும். காரணம், தவணை. வரி அதிகாரி கேட்டால் ஆடிட்டரை வைத்து எழுதிக் கொடுக்கிறோம். அல்லாஹ் கேட்பான் என்பதற்காக எழுதி வைக்க நமக்கு நேரமில்லை!

எழுத்து என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். மதுரையில் வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் இருக்கிறது. பாரசீகத்தில் கோர் என்றால் கப்ரு. ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது. அங்குள்ள தர்காவில் ஒரு கல்வெட்டு உண்டு. (தர்கா விஷயத்தில் வாசகர்களுக்குள் பல கருத்து இருக்கலாம், இங்கே நம் பேச்சு கல்லைப் பற்றியது.) கூன் பாண்டியன் காலத்தில் 14,000 பொன்னுக்கு ஆறு கிராமங்கள் உரிமையாயின என்பதையும், பல தலைமுறை கழித்து அதில் தகராறு எழுந்து, வீரப்ப நாயக்கர் விசாரித்து 1573-இல் அந்த உரிமையை உறுதி செய்ததையும் அது சொல்கிறது. சொக்கிகுளம், பீபீகுளம், திருப்பாலை என்று இன்று நகரத்துக்குள் கலந்துவிட்ட பெயர்கள் அந்தக் கிராமங்களில் உண்டு. நாயக்க மன்னர் முஸ்லிம் அல்லர். நீதி விசாரித்தார், பழைய உரிமையை ஒப்புக்கொண்டார், பின்னால் யாரும் மறுக்காதிருக்கக் கல்லில் வெட்டவும் இடம் கொடுத்தார். அந்தக் கல்லை இன்றும் ஆள் போய்ப் படிக்கலாம். 14,000 பொன் எங்கே என்று கேட்டால் யார் காட்டுவது?

கல்லில் வெட்டிய ஊரில் இருந்துகொண்டு, நாம் காகிதத்தில்கூட ஒழுங்காக எழுதவில்லை. 2025 ஏப்ரலில் வக்புத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 6-ஆம் நாள் ‘உமீத்’ என்ற மத்திய பதிவுத்தளம் திறக்கப்பட்டு, ஆறு மாதத்துக்குள் வக்புச் சொத்துகளின் விவரங்களை அதில் ஏற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் சட்டத்தின் நியாய அநியாயம் உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், செப்டம்பர் 15-இல் சில பிரிவுகளை நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்ததும் வாசகர்கள் அறிந்தது. நாம் சொல்ல வருவது வேறு. அந்த மாதங்களில் சிற்றூர் முத்தவல்லிகள் பத்திரத்தையும் பட்டாவையும் தேடி அலைந்த அலைச்சலை நாம் கண்ணால் பார்த்தோம். தாத்தா வாய்ச்சொல்லாகக் கொடுத்தது, அத்தா காலத்தில் எழுதியது, கரையான் தின்றது! சட்டத்தைக் குறை சொல்லலாம். சொல்ல வேண்டிய இடமும் உண்டு. கரையானைக் குறை சொல்ல முடியுமா?

இனி, பெயர் வைத்து எழுதிய இருப்பும் கரைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

நம் பக்கத்துக் கண்மாய்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் குடிமராமத்து என்று ஊரே சேர்ந்து வண்டலை அள்ளும். அது நின்றுபோன கண்மாயில் மழைக்குப் பின் போய் நின்றால் தண்ணீர் கரைவரைக்கும் தளும்பும். கலுங்கில் மறுகால்கூடப் பாயும். பார்ப்பவர் கண்மாய் பெருகிவிட்டது என்பார். தை பிறக்குமுன் மடையில் தண்ணீர் இருக்காது. அடியில் மண் ஏறியிருக்கிறது. மட்டம் அதேதான், கொள்ளளவுதான் பாதி.

பணமாகவே கிடக்கும் மூலதனத்துக்கு விலைவாசி இந்த வண்டல்தான். 1970-இல் பத்து கிராம் தங்கம் ஏறத்தாழ 184 ரூபாய். 1980-இல் 1,330 ரூபாய். 2000-இல் 4,400 ரூபாய். 2020-இல் 48,000 ரூபாய்க்கு மேல். 1970-இல் ஒருவர் மத்ரஸாவின் மூலநிதிக்கு 1,840 ரூபாய் கொடுத்திருந்தால் அவர் நூறு கிராம் தங்கத்தைக் கொடுத்தார். அந்த 1,840 ரூபாயை ஒரு காசு குறையாமல் ஐம்பது ஆண்டு காத்த பொருளாளர், 2020-இல் அரை கிராம் தங்கத்தைக்கூட ஒப்படைக்கவில்லை. அவர் மேல் யார் குற்றம் சொல்வார்? நோட்டு சரியாக இருக்கிறதே! மூலத்தை நிறுத்தி வை என்று உமர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டபோது, நிறுத்தி வைத்தது ரூபாய்த் தாளை அல்ல, பேரீச்சை விளையும் மண்ணை.

மற்றவர்கள் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வட்டியால் கொஞ்சம் ஈடு செய்துகொள்கிறார்கள். நமக்கு வட்டி ஹராம். தப்பித் தவறிச் சேமிப்புக் கணக்கில் ஏறியதையும் நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கைகழுவச் சொல்கிறோம். அது சரிதான். ஆனால் வட்டியை விட்டுவிட்டோம் என்பதோடு கடமை முடிந்ததாக நிர்வாகிகள் எண்ணிவிடுகிறார்கள். ஹராமை விட்டது பாதிக் காரியம். ஹலாலான வழியில் மூலத்தைக் காப்பது மறுபாதி.

பணத்தையே வக்பு செய்யலாமா என்பதில் நம் இமாம்களுக்குள் நீண்ட விவாதம் உண்டு. இமாம் ஸுபர் அவர்களின் மாணவர் அன்ஸாரீ, திர்ஹம்களையும் வக்பு செய்யலாம், அவற்றை முளாரபா வியாபாரத்தில் கொடுத்து லாபத்தைத் தர்மம் செய்யலாம் என்றார்கள். உஸ்மானியப் பேரரசில் இது பெருவாரியாகப் பரவியபோது, ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் அவர்கள் கூடும் என்றார்கள்; இமாம் பிர்கவி அவர்கள் கடுமையாக மறுத்தார்கள். கூடும் என்றவர்களின் சொல்லை ஏற்றாலும், பணம் வியாபாரத்தில் நஷ்டப்படலாம் என்பதை மறக்கலாகாது. ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டிய பெங்களூர் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. தாடியும் தொப்பியும் லாபத்துக்கு ஜாமீன் அல்ல. சிறிய அறக்கட்டளைக்கு அந்த விளையாட்டு ஆகாது. நமக்குத் தெரிந்தவரை அதற்கு ஏற்றது, சிறுகச் சேர்த்த மூலநிதியை ஒரு கடையாகவோ நிலமாகவோ மாற்றிக்கொள்வது. மேலே சொன்ன வரிச் சட்டமும் அறக்கட்டளைப் பணத்தை அசையாச் சொத்தில் போட அனுமதித்தே இருந்தது.

ஆனால் கடை வாங்கிவிட்டால் மட்டும் போதுமா? வாடகையை யார் உயர்த்துவது? அந்தச் சிற்றூரில் கடைக்கு வாடகை, பக்கத்துக் கடை வாடகையில் கால்வாசிகூட இல்லை. வாடகைக்கு இருப்பவர் ஜமாஅத்தின் முக்கியஸ்தருக்கு மைத்துனர். பேச யாருக்கும் நாக்கு எழவில்லை. ஹனபி உலமாக்கள் வக்புச் சொத்தை ஊர் வாடகைக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்றார்கள். வீடு கடையானால் ஓராண்டு, நிலமானால் மூன்றாண்டு என்று குத்தகைக்கு எல்லை வைத்துப் பத்வா கொடுத்தார்கள். நீண்ட நாள் இருந்தவன் நாளை என்னுடையது என்பான் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அச்சம் பலித்ததா இல்லையா என்பதை எந்த ஊரிலும் கேட்டுப் பார்க்கலாம். 1995-ஆம் ஆண்டு வக்புச் சட்டமும் முதலில் மூன்றாண்டையே எல்லையாக வைத்திருந்தது. 2013-இல் அதை முப்பது ஆண்டுவரை நீட்டினார்கள். நம் மனம் அந்தப் பழைய மூன்றில்தான் அமைதி காண்கிறது.

மைத்துனருக்குச் சலுகை காட்டலாம். தம் சொந்தப் பணத்திலிருந்து. யத்தீம் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துக் காட்டுவது தாராளம் ஆகாது.

சரி, இவ்வளவு கவலைப்பட்டு இருப்பு எதற்கு, அன்றன்று வந்ததை அன்றன்று கொடுத்துவிட்டுத் தவக்குல் வைத்தால் ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது நினைவிருக்கிறதா? பள்ளிவாசல்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டு ரமலானும் அதிலேயே கழிந்தது. ஜும்ஆ இல்லை, உண்டியல் இல்லை, தராவீஹ் வசூல் இல்லை. சம்பளத்தை நம்பியிருந்த இமாம்களும் முஅத்தின்களும் மத்ரஸா உஸ்தாதுகளும் வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிற வர்க்கம். நமக்குத் தெரிந்த ஓர் உஸ்தாத் கிதாபு அலமாரியை மூடிவிட்டுக் காய்கறி வண்டி தள்ளினார். ஹலாலான உழைப்பு, அதில் இழிவில்லை. ஆனால் அவர் திரும்பி மத்ரஸாவுக்கு வரவில்லை, ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகளும் கலைந்துபோனார்கள். ஆறு மாதச் சம்பளம் ‘சம்பள இருப்பு’ என்ற பெயரில் தனியே கிடந்திருந்தால் அந்த மத்ரஸா இன்று நடந்துகொண்டிருக்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னது நம் நாயகம் (ஸல்) அவர்கள்தானே.

அதற்கும் ஓர் அளவு உண்டு. ஆறு மாதம் பன்னிரண்டு மாதமாகி, பிறகு இருபது ஆண்டாகி, ஏழை மாணவனுக்குப் பாயும் போர்வையும் வாங்கச் சொன்னால் இருப்பு குறைந்துவிடும் என்று நிர்வாகி முகம் சுளிக்கும் நிலை வந்தால், அங்கே மார்க்கம் இருப்புக்கு வேலை செய்கிறது. எங்கள் மத்ரஸா நிதியில் இவ்வளவு இருக்கிறது என்று ஆண்டுவிழா மேடையில் பெருமையோடு அறிவிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அதில் ஜகாத் எவ்வளவு என்று கேட்கக் கை தூக்கினால் நம்மைக் கலகக்காரர் என்பார்கள். அந்தப் பெயர் கிடைத்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைப்பவர்கள் நீங்கள். ஜகாத்தைக் கொடுத்தனுப்பும்போது ரசீதில் ‘ஜகாத்’ என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமனே ‘நன்கொடை’ என்றிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அடுத்த ரமலானுக்கு முன் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். ஏழையின் பெயரைக் கேட்க வேண்டாம். சேர்ந்துவிட்டது என்ற சொல்லைக் கேளுங்கள்.

அந்தச் சிற்றூரின் கணக்குக்கு வருவோம். அன்று இஷா தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். பழைய ரசீதுக் கட்டைகள் சில கிடைத்தன. கொடுத்தவர்களில் உயிரோடு இருப்பவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். சந்தேகமான தொகையையெல்லாம், ஏழைகளின் பக்கம் சாய்ந்து, ஜகாத் என்றே எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அப்படிப் பார்த்ததில் மீதியில் பாதிக்கு மேல் ஜகாத்திலும் தோல் பணத்திலும் போய்விட்டது. கமிட்டியில் ஒருவருக்கு மனவருத்தம்; இத்தனை ஆண்டு கட்டிக் காத்ததை ஒரு மாதத்தில் கரைப்பதா என்றார். காத்தது நம்முடையதாக இருந்தால் வருந்தலாம் என்று சொன்னோம். அந்த வாரமே தகுதியுள்ள மாணவர்களுக்கும் ஊரிலிருந்த விதவைகளுக்கும் அவரவர் கையில் கொடுத்தார்கள்.

எஞ்சிய பணம் கூரை முழுவதற்கும் காணவில்லை. ஒழுகும் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, மறுபக்கத்துக்கு அந்த மழைக்காலம் தார்ப்பாய் கட்டினார்கள். பிள்ளைகள் ஒரு பக்கமாக நெருங்கி உட்கார்ந்து ஓதினார்கள். புதிய நோட்டில் ஜகாத்துக்கும் தோலுக்கும் ஒன்று, வக்பு வருமானத்துக்கு ஒன்று, மராமத்து இருப்புக்கு ஒன்று, சம்பள இருப்புக்கு ஒன்று என்று நான்கு பத்தி கோடு போட்டார்கள். ஜகாத் பத்தி ஒவ்வொரு ஷஃபானிலும் பூஜ்யத்தில் முடிய வேண்டும் என்று மேலே எழுதினார்கள். எழுதியவர் வபாத்தான பொருளாளரின் பேரன். தாத்தாவின் கையெழுத்தைப் போலவே முத்துமுத்தாக இருந்தது.

கடையின் குத்தகை வரும் ஷவ்வாலில் முடிகிறது. மைத்துனரிடம் புதிய வாடகையைப் பேச இரண்டு பேரை நியமித்திருக்கிறார்கள். மூன்றாவது ஆளாக நம்மையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்; போகிறோம், இன்ஷா அல்லாஹ்.